கூரைக்குக் கீழே அடித்த வெயில்

இந்த அவையைத் தலைமையேற்று நடத்திக்கொண்டிருக்கும், பெண் தொழிலாளர் நலச் சங்கத்தின் தலைவர், அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அஜீஸுன்னிசா அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து என் நடுக்கத்தை நலமாகப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! விடியும் முன்பே அடுப்பை மூட்டி, விடிந்ததும் பேருந்தில் முட்டி, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பும் தாய்மார்களே! தோலைப் பதமாக்கித் தொலைதூரத் தேசத்துப் பாதங்களுக்கெல்லாம் பாதுகாப்புத் தருகின்ற பாலாற்றங்கரைத் தோழர்களே! வாணியம்பாடியிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, அஸ்ஸலாமு அலைக்கும்! மூன்றாவது வரிசையில் தூண் ஓரமாக அமர்ந்திருக்கும் எங்கள் தொழிற்சாலை மேலாளர் ஜெயப்பிரகாஷ் அவர்களே! ஆமாம், அவர் வந்திருக்கிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்காதீர்கள், பாவம், அவருக்குக் கூச்சமாக இருக்கும். உங்கள் அனைவருக்கும் சத்துவாச்சாரி ஹேமலதாவின் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் நான். அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நான் பேசவில்லை, ஊசிதான் போட்டேன். ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரம் உள்ள ஒரு காலணித் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் ஒன்பது ஆண்டுகளாக நான் செவிலியர். இன்றைக்கு மீண்டும் மேடை ஏறியிருக்கிறேன் என்றால், பரிசு வாங்க அல்ல. பருவநிலை மாற்றமும் மனித உடல்நலமும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். துருவத்துப் பனி உருகுவதைப் பற்றி நான் பேசுவேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள். நான் பேசப்போவது ஒரு தையல் இயந்திரத்தின் மேல் சாய்ந்து விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி. அவள் விழுந்ததில் என் கையும் இருந்தது என்பதைப் பற்றி.

அந்தப் பெண்ணின் பெயர் முபஷ்ஷிரா. பெயரைச் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். “சொல்லுங்க சிஸ்டர். ‘ஒரு பெண்மணி’ன்னு சொன்னீங்கன்னா எனக்குக் கோவம் வரும். ஒம்போது வருசம் தைச்சிருக்கேன், பேர் இருக்குது எனக்கு” என்றாள். ஆகவே பெயரோடு சொல்கிறேன்.

முபஷ்ஷிராவுக்கு வயது முப்பத்தொன்று. வாணியம்பாடியில் வீடு. கணவர் தன்சீல் அகமது ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். எங்கள் தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் இரண்டாம் லைனில் அவள்தான் கைவேகக்காரி. வாய் அதைவிட வேகம். அவள் இருக்கும் இடத்தில் இயந்திரச் சத்தத்தையும் மீறிச் சிரிப்புச் சத்தம் கேட்கும். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஒரு நாள் படுத்தவள் இல்லை.

போன ஆண்டு ஏப்ரல் மாதம் அவள் முதல்முறையாக என் அறைக்கு வந்தாள்.

“சிஸ்டர், தலை இன்னா இப்டி இடிக்குது? உள்ள யாரோ உக்காந்து மெஷின் ஓட்ற மாதிரி இருக்குது.”

நான் சிரித்தேன். வலி மாத்திரை ஒன்று கொடுத்தேன். அவள் போய்விட்டாள். நான்கு நாள் கழித்து மீண்டும் வந்தாள். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். மாத்திரை. மறுவாரம் இடுப்பு வலி. மாத்திரை. அதற்கடுத்த வாரம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒண்ணுக்குப் போனா எரியுது சிஸ்டர்” என்றாள். “வெயில் காலம்ல, அப்டித்தான் இருக்கும். தண்ணி ஜாஸ்தியா குடி” என்றேன். அவள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்த மேடையே எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

வேலூரை வெயிலூர் என்று கேலி பேசிச் சிரிக்கிறவர்கள்தானே நாம்? வெளியூர்க்காரன் வியர்த்துக் கொட்டினால் பெருமை பேசுகிறவர்கள்தானே நாம்? “எங்களுக்கு இதெல்லாம் பழகினது” என்று மார்தட்டுகிறவர்கள்தானே நாம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயில் அடித்து விழுபவர்கள் வயலில் வேலை செய்கிறவர்கள், சாலை போடுகிறவர்கள், கட்டடம் கட்டுகிறவர்கள் என்றுதான் நான் படித்திருந்தேன். கூரைக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து, நிழலில் தைக்கிறவளை வெயில் எப்படி அடிக்கும்?

மே மாதம் பதினைந்தாம் தேதி. அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு முபஷ்ஷிரா என் அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அன்றைக்கு அவள் எதையும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. “தலை, சிஸ்டர்” என்றாள். அவ்வளவுதான். முகம் சிவந்திருந்தது. கையைத் தொட்டேன், சூடாக இருந்தது, வியர்வையே இல்லை. வெயில் காலத்தில், அந்த நேரத்தில், அந்த உடம்பில் வியர்வை இல்லை! உடம்பின் சூடு கட்டுமீறிவிட்டது என்பதற்கு அடையாளம் அது; செவிலியர் படிப்பின் முதல் ஆண்டுப் பாடம். அந்தப் பாடம் எனக்கு அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை. மாத்திரை கொடுத்து, “அஞ்சு நிமிசம் உக்காந்துட்டுப் போ” என்றேன். “டார்கெட் இருக்குது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு அவள் உட்காராமலே போய்விட்டாள்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒரு கூச்சல் கேட்டது. ஓடினேன். இரண்டாம் லைனில் முபஷ்ஷிரா இயந்திரத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். மிதியில் வைத்த கால் அதன் மேலேயே அழுந்திக் கிடந்தது. அவளைத் தூக்கிய பிறகுதான் இயந்திரம் நின்றது. பக்கத்து இயந்திரத்துச் செல்லம்மாள் அக்கா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, “ஏய் முபஷ்ஷிரா, ஏய் என்னைப் பாருடி” என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். முபஷ்ஷிரா கண் திறந்தாள். செல்லம்மாள் அக்காவைப் பார்த்து, “அம்மி, பள்ளிக்கூடம் விட்டாச்சா?” என்று கேட்டாள். செத்துப்போன தன் தாயிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

வெப்பமானியை வைத்தேன். நூற்று ஐந்து புள்ளி எட்டு.

தாய்மார்களே, காய்ச்சலில் நூற்று மூன்று என்றாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் நீங்கள். நூற்று ஐந்து புள்ளி எட்டு! கிருமி தந்த காய்ச்சல் அல்ல அது. காற்று தந்த காய்ச்சல். கூரை தந்த காய்ச்சல். கேன்டீனிலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொல்லி, அக்குளிலும் கழுத்திலும் வைத்து, துப்பட்டாவை நனைத்துப் போர்த்தி, தொழிற்சாலை வண்டியில் வேலூருக்குக் கொண்டுபோனேன். வண்டியில் ஏற்றும்போது மேலாளர் சார் ஓடி வந்து, “நோன்பு வச்சிருந்தாங்களா?” என்று கேட்டார். “ரம்ஜான் முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு சார்” என்றேன். இதை இந்த மேடையில் சொல்வதற்கு நான் தயங்கினேன். அவர்தான், “சொல்லுங்க, நான் கேட்டது உண்மைதானே” என்றார்.

பெரிய மருத்துவமனை. பெயர் வேண்டாம், நம்மைக் காப்பாற்றிய இடம் அது. இரவுக்குள் காய்ச்சல் இறங்கியது. நானும் மூச்சு விட்டேன். மறுநாள் காலை ஒரு பெண் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்தார். சின்ன வயது. கையில் ரத்தப் பரிசோதனைத் தாள்.

“காய்ச்சல் இறங்கிடுச்சு. ஆனா கிட்னி ரெண்டும் நின்னு போச்சு. டயாலிசிஸ் ஆரம்பிக்கணும்.”

முப்பத்தொரு வயது. சர்க்கரை இல்லை. கொதிப்பு இல்லை. எப்படி?

அவர் என்னைக் கேட்டார்: “இவங்க வேலை நேரத்துல எத்தனை தடவை யூரின் போவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டு செவிலியருக்குத் தெரியவில்லை! இருவரும் முபஷ்ஷிராவின் கட்டிலுக்குப் போனோம். அவளிடமே கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

“காலைல வீட்ல போவேன். அப்புறம் வீட்டுக்கு வந்துதான்.”

“நடுவுல?”

“போறதில்ல. அதான் தண்ணியும் குடிக்கிறதில்ல. குடிச்சாத்தானே போவணும்?”

பத்தரை மணி நேரம். அந்தக் கூரைக்குக் கீழே பத்தரை மணி நேரம், ஒரு வாய்த் தண்ணீர் இல்லாமல், அல்லது மாத்திரை விழுங்க ஒரு மிடறோடு! ஏன் என்று மருத்துவர் கேட்டார். என் கண்ணெதிரிலேயே இருந்த பதிலை அவள் சொன்னாள். “லைனுக்கு ரெண்டு டோக்கன்தான். அறுவது பேரு. டோக்கன் வாங்கினா சூப்பர்வைசர் வாட்ச் பாப்பாரு.”

அந்த டோக்கன்களை நான் நாள்தோறும் பார்த்திருக்கிறேன். மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் அட்டை. கழிவறைக்குப் போகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒழுங்குக்காக என்று நினைத்திருந்தேன். அது அறுபது பெண்களின் தொண்டையில் மாட்டிய பூட்டு என்று நினைக்கவில்லை.

அத்தோடு முடியவில்லை. மருத்துவர் தாளைத் திருப்பினார். “தண்ணி இல்லாத உடம்புல இந்த வலி மாத்திரை கிட்னிக்கு விஷம். இத்தனை மாத்திரை யார் கொடுத்தது?”

நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தவறு செய்த பிள்ளை தூக்குவது போலத் தூக்கினேன். “நான்தான் டாக்டர்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: “சிஸ்டர், மத்திய அமெரிக்காவுல கரும்பு வெட்ற ஆளுங்க ஆயிரக்கணக்குல இப்டித்தான் செத்தாங்க. இருவது வயசு, முப்பது வயசு. வேற ஒரு நோயும் இல்ல. வெயில், தண்ணி இல்ல, வலிக்கு மாத்திரை. என்ன ஏதுன்னு தெரியறதுக்கே வருசக்கணக்கா ஆச்சு. இப்ப அது இங்க வந்திருக்குது.”

அன்பர்களே, எங்கே இருக்கிறது நிகரகுவா? எங்கே இருக்கிறது எல் சால்வடோர்? நம்மில் யார் பார்த்தோம்? அங்கே கரும்புத் தோட்டத்தில் கருகிய சிறுநீரகமும், இங்கே காலணித் தொழிற்சாலையில் கருகிய சிறுநீரகமும் ஒரே வெயிலின் பிள்ளைகள் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில், குளிருக்குப் பேர்போன ஐரோப்பாவில், எழுபதாயிரம் பேர் வெப்பத்தில் இறந்தார்கள். எழுபதாயிரம்! அதில் பலர் தங்கள் வீட்டுக் கட்டிலில், நிழலில், தனியாக. இரண்டாயிரத்து இருபத்துநான்கில் புனித ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெப்பத்தில் உயிர் விட்டார்கள். நம் தமிழ்நாட்டிலேயே எண்ணூறு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரட்டிப்பாக இருந்தது. இதெல்லாம் நாளேட்டின் நாலாம் பக்கத்தில் வந்ததுதான். நாலாம் பக்கத்தை மடித்து நான்தான் டிபன் டப்பாவுக்கு அடியில் விரித்தேன்.

யாருடைய புகைபோக்கி கக்கிய கரி இது? யாருடைய சொகுசுக்காக எரிந்த எண்ணெய் இது? எரித்தவர்கள் எங்கோ, எரிகிறவர்கள் இங்கே! குளிர்நாட்டுக் கால்கள் சூடாக இருக்க நாம் தைக்கிறோம் ஷூ. அந்த ஷூவைத் தைக்கையில் நம் சூடு தணிக்க ஒரு மடக்குத் தண்ணீர் இல்லை!

யாரோ அங்கே பின்னால், “ஃபேன் இருக்குதே” என்கிறீர்கள். இருக்கிறது ஐயா, வரிசைக்கு எட்டு ஃபேன் இருக்கிறது. நம் உடம்பின் சூடு செல்சியஸ் கணக்கில் முப்பத்தேழு. அந்தக் கூடத்துக் காற்றின் சூடு எவ்வளவு என்று கேளுங்கள், சொல்கிறேன்.

மருத்துவமனையில் மூன்றாம் நாள், டயாலிசிஸ் அறைக்கு வெளியே தன்சீல் அகமது நின்றிருந்தார். சாதுவான மனிதர். வேகமாக ஆட்டோ ஓட்டக்கூடத் தெரியாதவர். நான் ஆறுதல் சொல்லப் போனேன். என்னை நேராகப் பார்த்தார்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன். நீங்க நர்சா, இல்ல கம்பெனி ஆளா?”

நான் டயாலிசிஸ் அறைக் கதவைப் பார்த்தேன்.

“நர்சுன்னா எங்க வீட்ல பதினோரு தடவை உங்ககிட்ட வந்திருக்குது. ஒரு தடவையாச்சும் ‘இன்னாத்துக்கு வருது’ன்னு பாத்திருப்பீங்க. கம்பெனி ஆளுன்னா செரி, மாத்திரையைக் குடுத்து மெஷினுக்கு அனுப்பிச்சிட்டீங்க. ரெண்டுல எது?”

பதினோரு தடவை. அவர் எண்ணி வைத்திருந்தார். நான் எண்ணவில்லை. அப்படியே படியிறங்கினேன். பேருந்தில் ஏறினேன். சத்துவாச்சாரியில் இறங்க மறந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன்.

மறுநாள் என் அறையில் உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. என் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மருந்துகள் கெட்டுப்போகக் கூடாது என்று வைத்தது. மாத்திரைக்குக் குளிர்ச்சி! ஊசிமருந்துக்குக் குளிர்ச்சி! தைக்கிறவளுக்கு? கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்த ஒவ்வொருத்தியும் எந்த உலையிலிருந்து வருகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போனது அந்த ஏசியால்தான்.

ஒரு சுவர் வெப்பமானியை எடுத்துக்கொண்டு இரண்டாம் லைனுக்குப் போனேன். முபஷ்ஷிராவின் இயந்திரத்தின் மேல் வைத்தேன். மூன்று மணி. வெளியே நாற்பத்தொன்று. உள்ளே, தகரக் கூரைக்குக் கீழே, பசை மணக்கும் காற்றில், ஐம்பத்தொன்பது இயந்திரங்கள் ஓடும் சூட்டில், நாற்பத்து நான்கு. ஃபேன் என்றீர்களே, நாற்பத்து நான்கு டிகிரிக் காற்றை முகத்தில் அடித்தால் அதற்குப் பெயர் விசிறியா, அடுப்பு ஊதும் குழலா?

செல்லம்மாள் அக்காவிடம், “நீங்க தண்ணி குடிக்கிறீங்களா அக்கா?” என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மத்தியானம் சோத்துக்கு ஒரு டம்ளர். அதுவும் அரை டம்ளர்தான். அதுக்கு மேல குடிச்சா பேஜார், சிஸ்டர்.”

அப்போது ஒரு முடிவு செய்தேன். மாதிரி எடுக்கும் சிறு பிளாஸ்டிக் டப்பிகள் என்னிடம் இருந்தன. மூன்று நாள், மதிய இடைவேளையில், விருப்பப்பட்டவர்களை மட்டும் அழைத்து, பெயர் எழுதாமல், ஆளுக்கு ஒரு டப்பி கொடுத்தேன். வெட்கப்பட்டார்கள், சிரித்தார்கள், பயந்தார்கள். ஆனாலும் நாற்பத்திரண்டு பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அத்தனையையும் ஒரு தட்டில் அடுக்கி, மேலாளர் அறைக்குக் கொண்டுபோய், அவருடைய மேசையில், கணினிக்குப் பக்கத்தில், வரிசையாக வைத்தேன்.

அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துத் தட்டைப் பார்த்தார். ஒரு டப்பியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா சிஸ்டர் இது, டீயா? கேன்டீன் கான்ட்ராக்ட் மாத்தறாங்களா?”

“டீ இல்ல சார். ரெண்டாம் லைன்.”

“இன்னாது?”

“ரெண்டாம் லைன் பொம்பளைங்களோட மூத்திரம் சார்.”

சிரிக்காதீர்கள். சிலர் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. டப்பியை வைத்துவிட்டு நாற்காலியோடு பின்னால் போனார். “உங்களுக்குப் பைத்தியமா? எடுங்க முதல்ல!” என்று கத்தினார். ஆனால் தன்சீல் கேட்ட கேள்வி என் காதில் நின்றிருந்தது.

“எடுத்துடறேன் சார். அதுக்கு முன்னாடி கலரைப் பாருங்க. தெளிவா இருக்கறது நாலே நாலு. மீதி முப்பத்தெட்டும் கருப்பு டீ மாதிரி. முபஷ்ஷிராவுக்கு ஆஸ்பத்திரியில குழாய் போட்டப்ப வந்ததும் இதே கலர்தான்.”

“எல்லாக் கம்பெனியிலயும் இப்டித்தான் நடக்குது சிஸ்டர். நம்ம மட்டும்…”

“அதான் சார் பயமா இருக்குது.”

நான் வேலை போனாலும் போகட்டும் என்று அடுத்ததையும் சொன்னேன். “சார், மூணு மணிக்கு வந்து முபஷ்ஷிரா சீட்ல ஒரு மணி நேரம் உக்காருங்க. தைக்க வேணாம். சும்மா உக்காருங்க. அதுக்கப்புறம் என்னை வீட்டுக்கு அனுப்புங்க.”

வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வந்தார். இதை அவர் முன்னிலையில் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. மூன்று மணிக்கு வந்தார். அந்தச் சிறு முக்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இருபது நிமிடத்தில் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். இருபத்தைந்தாம் நிமிடம், பழக்கத்தில், தன் உதவியாளரைக் கை காட்டி அழைத்துத் தண்ணீர் கேட்டார். பாட்டில் வந்தது. மூடியைத் திறந்து இரண்டு வாய் குடித்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார்.

மற்ற ஐம்பத்தொன்பது இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தொன்பது பெண்களும் தைத்துக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டிலை அவரால் மூன்றாவது முறை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மூடி வைத்துவிட்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் போய்விட்டார். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை.

அடுத்த வாரம் டோக்கன்கள் எடுக்கப்பட்டன. கூடத்தின் இரண்டு மூலையிலும் தண்ணீர்க் கேன் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மணி அடிக்கும், ஐந்து நிமிடம் இயந்திரத்தை நிறுத்தலாம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். என் அறையில் வலி மாத்திரைப் பெட்டி பூட்டப்பட்டது. யார் தலைவலி என்று வந்தாலும் முதலில் வெப்பமானி, அப்புறம் தண்ணீர், அப்புறம் கேள்வி. அதற்குப் பிறகுதான் மருந்து. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கவும், அடியில் தடுப்பு போடவும், சூடு வெளியேற வழி செய்யவும் கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை சார். சித்திரை பிறக்க நான்கு நாள்தான் இருக்கிறது. மேடையிலிருந்து கேட்கிறேன் என்று வருத்தப்படாதீர்கள். மேசையில் டப்பி வைத்தவளுக்கு மேடையில் கேட்க என்ன தயக்கம்?

முபஷ்ஷிரா என்ன ஆனாள் என்று அம்மா ஒருவர் கேட்கிறீர்கள். சொல்கிறேன் அம்மா. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். ஏழு முறை டயாலிசிஸ். அதன் பிறகு சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. பாதிதான். இனி அது பாதிதான் என்கிறார்கள். சூட்டில் வேலை செய்யவே கூடாது. வீட்டில் காலை நேரத்தில் மட்டும் தைக்கிறாள். நான் போய்ப் பார்த்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. “அழுவாதீங்க சிஸ்டர், தலை வலிக்கும். அப்புறம் உங்களுக்கு யாரு மாத்திரை குடுப்பாங்க?” என்றாள். அதில் கேலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று எனக்கு இன்று வரை தெரியாது. இரண்டும் இருந்தன. இரண்டும் எனக்குத் தகும்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான். வெப்பம் இனி வானிலைச் செய்தி அல்ல; அது நம் ரத்தப் பரிசோதனைத் தாள்! பருவநிலை மாற்றம் பனிமலையில் மட்டும் நடப்பதல்ல. அது பத்தரை மணி நேரம் அடக்கிவைத்த நம் அடிவயிற்றில் நடக்கிறது! இரவிலும் காற்று இப்போது குளிர்வதில்லை. பகலில் வெந்த உடம்பு இரவில் ஆறுவதில்லை. ஆறாத உடம்பு மறுநாள் மீண்டும் அதே கூரைக்குக் கீழே போகிறது. பழகிவிட்டது, பழகிவிட்டது என்று சொல்லிச் சொல்லி, பழகவே முடியாத ஒன்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறோம். நாற்பத்து நான்கு டிகிரிக்கு எந்தச் சிறுநீரகம் பழகும்? எந்த இதயம் பழகும்? எந்தக் கரு பழகும்? வெயிலைத் தாங்குவது வீரம் என்று இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். வெயிலில் மயங்கியவளை நடிக்கிறாள் என்று சொல்லாதீர்கள். தண்ணீர் கேட்பவளைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். என்னைப் போன்ற செவிலியர் இங்கே இருந்தால், கையைக் கூப்பிக் கேட்கிறேன்: மாத்திரைப் பட்டையைக் கிழிக்கும் முன்பு எழுந்து போய் அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். முதல் தண்ணீர் மணி அடித்த நாள். ஜூன் மாதம், காலை பத்தரை மணி. நான் கூடத்தின் வாசலில் நின்றிருந்தேன். மேலாளரும் நின்றிருந்தார். மணி அடித்தது. நீளமாக அடித்தது.

யாரும் எழவில்லை.

ஒருத்திகூட எழவில்லை. ஒரு இயந்திரம்கூட நிற்கவில்லை. குனிந்த தலைகள் குனிந்தபடியே இருந்தன. சூப்பர்வைசர், “எழுந்திருங்கம்மா, தண்ணி குடிங்க” என்று சொன்னார். அவர் சொன்னதால் இன்னும் வேகமாகத் தைத்தார்கள். இது ஏதோ சோதனை, யார் எழுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்தார்கள். தாகம் எடுத்தாலும் எழாமல் இருக்க ஓர் உடம்புக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சி கொடுத்திருக்கிறோம் பாருங்கள்! ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. பூட்டைத் திறந்துவிட்டோம், யாரும் வெளியே வரவில்லை.

மூன்றாம் நிமிடம், ஓர் இயந்திரம் நின்றது. செல்லம்மாள் அக்கா. ஐம்பத்திரண்டு வயது. வாழ்நாளில் ஒருவரையும் எதிர்த்துப் பேசாதவர். எழுந்து, புடவையை உதறி, கூடமே கேட்கும்படி சொன்னார்:

“நான் தண்ணி குடிக்கப் போறேன். குடிச்சிட்டு ஒண்ணுக்குப் போவப் போறேன். யாருக்கு இன்னா?”

ஒரு சிரிப்பு கிளம்பியது. வரிசை முழுக்க ஓடியது. இரண்டு இயந்திரம் நின்றது, பத்து நின்றது, ஐம்பத்தொன்பதும் நின்றது. அந்தக் கூடத்தில் வேலை நேரத்தில் அப்படியொரு அமைதியை ஒன்பது ஆண்டில் நான் கேட்டதே இல்லை. அந்த அமைதியில், ஐம்பத்தொன்பது பெண்கள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு இந்த மேடையைத் தந்த தலைவர் அவர்களுக்கும், என் குற்றத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்ட உங்கள் செவிகளுக்கும், தன் பெயரைச் சொல்லச் சொன்ன முபஷ்ஷிராவுக்கும் நன்றி. நான் பேசத் தொடங்கி அரை மணிக்கு மேலாகிறது. இங்கேயும் புழுக்கம்தான். கைதட்ட வேண்டாம். அந்தக் கைகளால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். கழிவறை வலது பக்கம், கதவு திறந்திருக்கிறது, யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வணக்கம்.